வெட்டுமுகத்தின் அச்சு

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? வேலப்பன்சாவடியில் நான் நலமே.

மாணவர்கள் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட பறவைகளின் கண்காட்சி நேற்றுத் தொடங்கியது. விருந்தினர் கார்மீது எச்சம் விழக்கூடாதென்று, மாணவர்கள் பார்த்து வரைந்த கொக்குகள் கூடுகட்டியிருந்த மரத்தையே கல்லூரி நிர்வாகம் முந்தினநாள் வெட்டிவிட்டது.

“குஞ்செல்லாம் கீழ கெடக்குது சார்,” என்று மாணவி பவ்யா அழுதாள். நான் சத்தம் போடவில்லை. அடிமரத்தின் வெட்டுமுகத்தில் மை தடவி, துணியில் ஒற்றியெடுத்து, கண்காட்சி வாசலில் மாட்டினோம்.

“சூப்பர் சார்! இது இன்னா பறவை?” என்று விருந்தினர் முன்னிலையில் கேட்டார் தாளாளர்.

“நீங்கள் வெட்டிய மரம்,” என்றேன். பயப்படாதே, அவ்வளவுதான்.

மை துடைக்க என் பழைய வேட்டிகளை, நீ மடித்து வைத்தபடியே அனுப்பு. வாசலில் மாட்டிய அந்த அச்சுத் துணியைக் கழற்ற ஆட்கள் வந்திருக்கிறார்களாம். நான் போய் வாசலில் நிற்க வேண்டும்.

உன்,
இருதயராஜ்