கோமதி அக்காவின் தட்டும் பாப்பாவின் இடக்கன்னமும்

மே 4, திங்கள்

வெயில். காலை எட்டு மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை.

பொது அறிவிப்பு: இன்று முதல் மூன்று வாரத்துக்குப் பால், தயிர், மோர், நெய், வெண்ணெய் ஆகியோர் கோமதி அக்காவின் தட்டை அணுகக் கூடாது. மீறுவோர் உணவு அதிகாரியிடம் பதில் சொல்ல வேண்டும். அதிகாரியாக ஒருமனதாகத் தேர்வு பெற்றவர் சங்கரன், பிளஸ் ஒன் முடித்தவர். (ஒருமனது = என் மனது.)

காரணம் பாப்பா. அக்காவின் மகள், நான்கு மாதம். பிரசவத்துக்கு வந்த அக்கா இன்னும் எங்கள் வீட்டில்தான். பாப்பாவுக்கு இரண்டு கன்னமும், முழங்கை, முழங்கால் மடிப்புகளும் சிவந்து தடித்துச் சில இடத்தில் நீர் கசிகிறது. சொறியாமல் இருக்கக் கையில் துணி உறை. அம்மா "கரப்பான்" என்றாள். நான் துடைப்பத்தோடு பூச்சியைத் தேடினேன். யாரும் சிரிக்கவில்லை.

பாளையங்கோட்டை டாக்டரம்மா சொன்னது (குறித்துக்கொண்டவன் நான்): தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. களிம்பு இருவேளை. மலத்தில் சளியும் போவதால், அக்கா சாப்பிடும் மாட்டுப்பால் தாய்ப்பால் வழியாகப் போய் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். மூன்று வாரம் விட்டுப் பார்த்து, பிறகு சேர்த்துப் பார்த்தால் தெரியும். வேறு எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மதியம் சேரன்மகாதேவியிலிருந்து அக்காவின் மாமியார் போன். ஸ்பீக்கரில் கேட்டேன். "எம்மா கோமதி, உன் பாலு பிள்ளைக்குச் சேரல போலிருக்கு. பேசாம டப்பாப் பாலுக்கு மாத்திரு. இருவத்தி நாலாந்தேதி வாரேன், நானே வாங்கிட்டு வந்துருதேன்."

டப்பாவில் இருப்பதும் மாட்டுப்பால்தான் என்று அவரிடம் யார் சொல்வது. அக்கா "சரிங்கத்த" என்றாள். போனை வைத்துவிட்டுப் பாப்பாவின் உச்சந்தலையை முகர்ந்தாள்.

"அதுக்குள்ள சரியாயிருமாலே?"

"எங்கிட்ட விட்டுரு யக்கா."

மீசை நிலவரம்: வலது 7 முடி, இடது 9. மொத்தம் 16. நண்பன் இசக்கி தந்த மீசை எண்ணெய் (இனி மீ.எ.) இன்று திறப்பு விழா. வாசனை ஊரைத் தூக்குகிறது.

மே 6, புதன்

நோட்டு தயார். நான்கு கட்டம்: தேதி, அக்கா சாப்பிட்டது, பாப்பாவின் தோல், அதிகாரி குறிப்பு. கடைசிக் கட்டம்தான் அகலம்.

அம்மா எதிர்க்கட்சி. "பிள்ள பெத்தவ பால் குடிக்காம எப்படிலே பால் ஊறும்?"

"பசு யார்ட்டம்மா பால் வாங்கிக் குடிக்கி?"

கரண்டி வந்தது. நான் தெருவில் இருந்தேன்.

சைவ வீட்டில் மோர் ஊற்றாமல் சோறு முடிவதில்லை. அக்கா ரசத்தோடு நிறுத்திவிட்டு, சாப்பாடு இன்னும் பாக்கி இருப்பதுபோல் விரலை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கச் சகிக்கவில்லை. யோசித்தேன். சொதி. தேங்காய்ப்பால், அதில் எந்த மாட்டுக்கும் பங்கில்லை. அம்மாவிடம் மனு கொடுத்தேன். மதியம் சொதி, இஞ்சித் துவையல். அக்கா மூன்று தடவை ஊற்றிக்கொண்டாள். "பயலுக்கு மூளை இருக்கு போலுக்கே" என்றாள். தேதி போட்டுக் குறித்திருக்கிறேன்.

என் உபதொழில்: பால் குடித்ததும் பாப்பாவை இடத்தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது. முதல் ஏப்பம் காலை ஒன்பதுக்கு, நான் குளித்து மீ.எ. போட்டு வாசனையாக வந்ததும். ஏப்பத்துக்குப் பரிசு கன்னத்தில் முத்தம்.

மே 9, சனி

மாபெரும் கண்டுபிடிப்பு. பிரெட் உறை, பிஸ்கட் உறை எல்லாவற்றிலும் பொடி எழுத்தில் பால் பவுடர். இரண்டும் தட்டைவிட்டு நாடு கடத்தப்பட்டன. அது சின்ன மீன். பெரிய மீன், நாலு மாதமாக அம்மா தினமும் அக்காவுக்கு நெல்லிக்காய் அளவு உருட்டிக் கொடுக்கும் பிரசவ லேகியம். பாட்டிலைத் திறந்தேன். மேலே மஞ்சளாக அரை விரல் நெய்.

"இது மருந்துல்லா. இத எப்படிச் சாப்பாட்டுல சேத்த?" அம்மா.

டாக்டரம்மாவுக்கு போன். நெய்யும் வேண்டாம், லேகியத்தை நிறுத்துங்கள், கவனித்தவர் யார் என்று கேட்டாராம். அக்கா "என் தம்பி" என்றாள். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லும்போது அவள் கழுத்து நிமிர்ந்தது. நான் தண்ணீர் குடிப்பதுபோல் நின்றுகொண்டிருந்தேன்.

அம்மா லேகியத்தைத் தானே சாப்பிட்டு முடிக்கப் போவதாக அறிவிப்பு.

மே 13, புதன்

காற்று இருக்கிறது. குறுக்குத்துறை போய்க் குளித்தேன். ஆற்றில் இடுப்பளவுதான்.

முழங்கை மடிப்பு சுத்தம். முழங்கால் மடிப்பு சுத்தம். மலத்தில் சளி இல்லை (நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்). வலக்கன்னம் சாதாரணக் கன்னம். பாப்பா துணி உறை இல்லாமல் தன் விரலைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ பரிசு கொடுத்ததுபோல. ஒரு மாமாவாக என் மார்பளவு இரண்டு இஞ்ச் கூடியிருக்கும்.

இடக்கன்னம் மட்டும் அப்படியே சிவப்பு. காலையில் அடங்கி, மதியத்துக்குள் பழுக்கிறது.

அம்மா யோசனை: கத்தரிக்காய் கரப்பான் பண்டம், நிறுத்து. என் யோசனை: நிலக்கடலை, சோளம். டாக்டரம்மா வேண்டாம் என்றது நினைவிருக்கிறது. ஆனால் லேகியத்தைக் கண்டுபிடித்தவன் நான்தானே.

மே 17, ஞாயிறு

அக்கா தட்டில் இல்லாதவை: பால் வகையறா, கத்தரி, கடலை, சோளம், துவரம்பருப்பு (நான்), மாங்காய் (அம்மா), தக்காளி (நான்).

இருப்பவை: சோறு, புடலங்காய், கொஞ்சம் பூண்டு.

சொதியும் போயிற்று. அதில் போடும் பாசிப்பருப்பின் மீதும் சந்தேகம்.

அக்காவின் வளையல் முழங்கை வரை ஏறுகிறது. "பசிக்கில" என்கிறாள். இடக்கன்னம் மாறவில்லை. மாமியார் வர இன்னும் ஏழு நாள்.

நாளை வள்ளியூரில் அத்தையின் புதுவீட்டுப் பால்காய்ப்பு. அப்பாவும் நானும் போகிறோம், மூன்று நாள். நோட்டை அம்மாவிடம் ஒப்படைத்துப் பயிற்சி அளித்தேன். "போ லே, பெரிய கலெக்டரு" என்றாள்.

மே 21, வியாழன்

நேற்று மாலை திரும்பினோம். வள்ளியூர்: சாப்பாடு நன்று, கொசு அதைவிட நன்று. மீ.எ. எடுத்துப் போகவில்லை; அத்தை மகன் பார்த்தால் மானம் போகும்.

நோட்டில் அம்மாவின் கையெழுத்து, தோல் கட்டத்தில் மூன்று நாளும் ஒரே வரி: "கன்னம் நல்லா இருக்கு."

நேற்று பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். பளிங்கு. இடது எது வலது எது என்றே தெரியவில்லை. அதிகாரி குறிப்பு: "எல்லாம் நம் ஏற்பாடு." அக்கா இன்று காலை முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டாள். மாமியார் வரும்போது பாப்பாவுக்குப் போட மஞ்சள் கவுனை இஸ்திரி போடச் சொன்னாள். போட்டேன். மீ.எ. போட்டேன். ஏப்பத் தொழிலுக்குத் திரும்பினேன். மூன்று நாள் பாக்கி முத்தமும் சேர்த்து.

மே 22, வெள்ளி

இடக்கன்னம் தக்காளி. நீர் கசிகிறது. நேற்று மாலையே ஆரம்பித்துவிட்டது.

நான் விசாரணை நடத்தினேன். "யம்மா, நான் இல்லாதப்ப யக்காவுக்கு மோர் குடுத்தியா?"

"இல்லலே."

"ஒரு கரண்டி நெய்?"

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். "நான் அந்தப் பிள்ளைக்குக் கெடுதல் செய்வனாலே" என்று அங்கிருந்தே கேட்டாள்.

அக்கா பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, "விடுங்க, யாரும் சண்ட போடாண்டாம். அத்த டப்பா கொண்டாரட்டும். குடுத்துருதேன்" என்றாள். கவுனை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

இன்று வேடிக்கையாக எழுத ஒன்றும் வரவில்லை.

மே 23, சனி

அம்மாமீது குற்றப்பத்திரிகை தயாரிக்க நோட்டை முதலிலிருந்து படித்தேன். மோர் இல்லை. நெய் இல்லை. மூன்று நாளும் அக்கா சாப்பிட்டது அதே புடலங்காய். நேற்று முன்தினமும் அதே புடலங்காய். மாறியது ஒன்றே ஒன்று. 18, 19, 20 ஆகிய தேதிகளில் அதிகாரி ஊரில் இல்லை.

காலையில் அடங்கும். ஒன்பது மணிக்கு மேல் பழுக்கும். நான் போடுவது இடத்தோளில். என் மூஞ்சிப் பக்கம் இருப்பது அவளுடைய இடக்கன்னம்.

மீ.எ. பாட்டிலை எடுத்து ஒரு சொட்டு என் முழங்கை மடிப்பில் தடவி வைத்தேன். ஒரு மணி நேரத்தில் எனக்கே அரித்தது.

எனக்கே.

மே 24, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை.

காலையில் மீ.எ. போடவில்லை. பாப்பாவைத் தூக்கவும் இல்லை. பதினொரு மணிக்கு அக்காவின் மாமியார் வந்தார். மாம்பழம், வாழைத்தார், டப்பா இரண்டு. பாப்பாவின் கன்னத்தைப் பார்த்தார். "பாத்தியா, நான் சொல்லல?" அக்கா டப்பாவை வாங்கக் கை நீட்டினாள்.

"அத்த, அதத் திறக்காண்டாம்" என்றேன். "கன்னத்துக்குக் காரணம் யக்கா பால் இல்ல. என் மீச."

அப்பா செய்தித்தாளை இறக்கினார்.

பாட்டிலை நடுவில் வைத்தேன். நோட்டைத் திறந்து தேதிகளைக் காட்டினேன். என் கைமடிப்புச் சிவப்பையும் காட்டினேன். மாமியார் பாட்டிலை முகர்ந்துவிட்டுத் தும்மினார். "சரி, அது கெடக்கு. மீச எங்கனலே?"

எல்லோரும் என் உதட்டின் மேல் தேடினார்கள். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினார்.

அக்காதான் முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதாள். "ஏலே, நான் பத்து நாளா வெறும் புடலங்கா திங்கேன்ல" என்று நோட்டாலேயே அடித்தாள். நோட்டு கனம்தான்.

டாக்டரம்மாவுக்கு போன். எண்ணெயைத் தூக்கி எறியுங்கள், கன்னத்துக்கு அதே களிம்பு. பால் தவிர நீங்களாக நிறுத்தியதெல்லாம் இன்றே தட்டுக்கு வரட்டும். பாலைச் சேர்த்துப் பார்ப்பது கன்னம் முழுக்க ஆறியபிறகு. மடிப்பு ஆறியதைப் பார்த்தால் பால் சந்தேகம் நியாயம்தான் என்றாராம். அந்த ஒன்றை நான் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

மாமியார் டப்பாக்களைப் பையில் திரும்ப வைத்தார். "கடைக்காரன் திருப்பி எடுத்துக்கிடுவான்" என்றார். பிறகு அவரே உட்கார்ந்து எண்ணெய்க் கத்தரிக்காய் தாளித்தார். அக்கா தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அவர் எதிரிலேயே பாப்பாவை மடியில் எடுத்துக்கொண்டாள்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "போ லே" என்றாள். என் தட்டில் மட்டும் புடலங்காய்.

நோட்டில் அக்கா ஐந்தாவது கட்டம் கோடு போட்டிருக்கிறாள். தலைப்பு: "சங்கரன் மூஞ்சியில் என்ன." தினமும் உண்மையாக நிரப்ப வேண்டுமாம்.

உண்மை என்றால், ஒன்று பாக்கி. மீசை 16 என்று 4ஆம் தேதி எழுதியிருக்கிறேன். ஆறுதான். மீதிப் பத்து அக்காவின் கண்மையால் வரைந்தது. அதுவும் பாப்பா கன்னத்தில் பட்டிருக்கும். நாளைக் காலை அதையும் சொல்ல வேண்டும்.