அப்பா வந்து வீட்டைக் கேட்டார்

இசெயின்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் அயோகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், மூன்று வருஷத்துக்கு முன் செத்துப்போன உன் அப்பா உட்பட. கனடாப் பனியில் நீயும் சுகம்தானே?

போன செவ்வாய் முன்னோர் திருவிழாவில் அப்பா வந்தார். தலைமேல் மர முகமூடி, உடம்பு முழுக்கத் துணி, தவளைக் குரல், எல்லாம் முறைப்படிதான். இடது காலை மட்டும் இழுத்து இழுத்து நடந்தார். மேலுலகத்திலும் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்திருப்பார் போல, போன மழைக்காலத்தில் உன் சித்தப்பா ஓகுந்திரான் விழுந்தானே, அதே கால். உள்ளே யார் என்று பெண்களுக்குத் தெரியக் கூடாது, அதனால் எனக்கும் தெரியவில்லை. உயிரோடு இருந்தவரை "உப்பு இல்லை" என்பதைத் தவிர வாய் திறக்காத மனுஷர், மேளத்தை நிறுத்தச் சொல்லி, ஊர் நடுவே, "வீட்டை என் தம்பிக்கு விட்டுட்டு நீ பொறந்த ஊருக்குப் போ" என்றார். முன்னோர் வாக்கை மறுத்தால் ஊர் ஒதுக்கும், மறுக்காவிட்டால் எனக்கும், நாளை நீ திரும்பி வந்தால் உனக்கும், தலை சாய்க்க இடமில்லை.

மண்டியிட்டேன். "சரிங்க, மூட்டை கட்டுறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. விளக்கை அணைச்சதும் என்னை ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களே, அதை ஒருதரம் சொல்லுங்க" என்றேன். சந்தைப் பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள், "சொல்லுங்க பெரியவரே, என்ன வெக்கம்?" என்று ஒருத்தி வேறு. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். நின்றார், நின்றார், அப்புறம் நொண்டிக்கொண்டே முன்னோர் தோப்புக்குள் போய்விட்டார். சாயங்காலம் உன் சித்தப்பா சாப்பிட வந்தான். எங்கே போனாய், அண்ணன் உன்னைப் பற்றியே பேசினாரே என்றேன். "வயிறு சரியில்ல அண்ணி" என்றான். சரியில்லாத வயிற்றுக்கு இடித்த கிழங்கு மூன்று உருண்டை போனது, வீட்டுப் பேச்சு வரவில்லை.

போனில் அவனிடம் எதையும் கேட்டு வைக்காதே. உள்ளே யார் என்று நமக்குத் தெரியாது, ஞாபகம் இருக்கட்டும். கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. முன்னோர்கள், கால் இழுக்காதவர்கள், உன்னைக் காக்கட்டும்.

ஒன்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அவர் பேசாமல் நின்றாரே, அந்தக் கொஞ்ச நேரம், அந்தப் பேரைச் சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது எனக்கு. வீடு போனால் போகிறது என்றிருந்தது.

இப்படிக்கு,
அயோகாவின் அம்மா