ஓய்வெடுத்த கால்

மார்ச் 4
காய்ச்சல் விட்டுவிட்டது. அக்காதான் விடவில்லை. "பஸ் ஓட்டி ஓட்டித் தேஞ்சு போயிட்டே. சுகர் வேற இருக்கு. இந்த வாரம் முழுக்கப் படு" என்கிறாள். படுக்கவும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்தானே. படுத்திருக்கிறேன்.

மார்ச் 7
பாதிச் சாப்பாடுதான். மாத்திரையும் தவறவில்லை. ஆனாலும் சர்க்கரை ஏறியிருக்கிறது. "எனக்குத் தெரியாம எதையாவது தின்னியா?" என்றாள் அக்கா. சத்தியமாக இல்லை. பிறகு ஏன்?

மார்ச் 10
வேலைக்குத் திரும்பினேன். இறக்கத்தில் பிரேக் மிதிக்கக் காலைத் தூக்கினால் தொடை நடுங்குகிறது. எப்படியோ அழுத்திவிட்டேன். முன்னால் நின்ற காரை இடிக்காதது என் அதிர்ஷ்டம். வண்டி நிறையப் பள்ளிப் பிள்ளைகள்.
"என்ன டிரைவரம்மா, தூக்கமா?" என்று கண்டக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.
சொல்வதா? சொன்னால் வேலை போகுமோ? சொல்லாவிட்டால் — ஐயோ, அந்தப் பிள்ளைங்க.

மார்ச் 11
சொல்லிவிட்டேன். "கால் சரியில்ல சார். நான் ஓட்டக்கூடாது."
மேனேஜர் விழித்தார். "ரெஸ்ட் எடுத்துட்டுத்தானே வந்தீங்க?"
அதுதான் எனக்கும் புரியவில்லை.

மார்ச் 13
கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார் டாக்டரம்மா. முடியவில்லை. என்னால்!
"ரெண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவங்க கொஞ்ச நாள் படுத்தாலே சதை கரையும். திரும்பி வர்றதும் மெதுவாத்தான். சாப்பிடுற சர்க்கரையை இழுத்துக்கிறதே பெரும்பாலும் சதைதான். அது சும்மா கிடந்தா சர்க்கரை ரத்தத்துலயே நிக்கும்."
"அப்போ ஓய்வே எடுக்கக்கூடாதா?"
"எடுங்க. ஆனா அப்பப்ப எழுந்து நடமாடணும்."
உடம்பு சரியில்லையென்றால் படு என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்? வெளியே வந்ததும் அக்கா அழுதாள். "நான்தானே படுக்க வெச்சேன்." அன்பாகத்தான் செய்தாள். கோபம் மட்டும் வருகிறது. யார் மேல்?

மார்ச் 29
வண்டிக்குப் பதிலாக மேனேஜர் உட்காரவைத்த டிப்போ டிக்கெட் கவுண்டரில்தான் இன்னமும் இருக்கிறேன். டாக்டரம்மா நடமாடச் சொன்னாரே என்று மாடிப்படி ஏறி இறங்கினால் தொடை எரிகிறது. ஒரு வாரத்தில் போனது ஒரு வாரத்தில் வரக்கூடாதா? இது என்ன நியாயம்?

ஏப்ரல் 6
தொடை இன்னும் எரிகிறது. அழுகை.

ஏப்ரல் 24
மேனேஜர் பக்கத்தில் உட்கார, காலி வண்டியை ஓட்டிக் காட்டினேன். "திங்கட்கிழமை முதல் டிரிப் நீங்கதான்" என்றார். கால் எப்போது தேறியது? தெரியவில்லை.
வீட்டுக்கு வந்ததும் அக்கா, "களைச்சுப் போயிருப்பே, கொஞ்சம் படு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு தன் செருப்பைத் தேடினாள்.
தெருமுனை வரை இருவரும் நடந்தோம். முதலில் மூச்சு வாங்கியது அவளுக்குத்தான்.