மனஸ்தாபத்தில் பல் விழுமா?

தார்ப்பாயில் பச்சை மிளகைக் கொட்டியாயிற்று. காலடியில் கொத்து நசுங்கிக் காரம் கிளம்பியதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நீ மறைந்த பிறகு வரும் முதல் அறுவடை இது.

புருஷனிடமிருந்து தப்பி, மலைமேல் இருக்கும் இந்த வளப்பூர் நாட்டுக்கு நர்ஸாக மாற்றல் வாங்கி வந்தவள் நான். அந்தக் கதையைப் போனில் வலைப்பூவாக எழுதிவந்தேன். உன் மிளகுக் களத்தில்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் அங்கேயே உட்கார்ந்துகொள்வேன். ஒருநாள் கொத்திலிருந்து மணி உதிர மிளகு மிதித்துக்கொண்டே, "சத்தமாப் படிங்க நர்சம்மா, நாங்களும் கேக்குறோம்" என்றாய். படித்தேன். 'அன்று எங்களுக்குள் ஒரு சிறு மனஸ்தாபம். அதில் என் முன்பல் விழுந்தது.'

உன் கால் நின்றது. "ஏனுங்க, மனஸ்தாபத்துல பல்லு விழுமா? உதைச்சான்னு எழுதுங்க."

எழுதினேன். சுவரில் என் தலையை மோதியதை, சூடான இஸ்திரிப்பெட்டியைத் தோளில் வைத்ததை, எல்லாவற்றையும். அடி விழும் வரி வந்தால் களத்துப் பெண்களின் மிதி பலமாகும். நீ என்னையும் தார்ப்பாயில் இறக்கினாய். "உங்க ஊட்டுக்காரரு மூஞ்சின்னு நெனச்சு மிதிங்க." பாதம் எரிய எரிய மிதித்தேன். அவ்வளவு சுகமாக அதுவரை நான் எதையும் செய்ததில்லை.

எங்கெங்கோ இருந்து பெண்கள் தங்கள் கதையைப் பின்னூட்டமாக எழுத ஆரம்பித்தார்கள். பதிலை நீ சொல்வாய், நான் தட்டுவேன். "பஸ் ஏறி வாங்க. குச்சிக்கிழங்கு வேவிச்சுத் தாரேன்." வந்தார்கள். சேலத்திலிருந்து ஒருத்தி கையில் மாவுக்கட்டோடு வந்தாள்; கொண்டை ஊசி வளைவெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு நேராகத் தார்ப்பாயில் ஏறினாள். பிறகு நீ பஸ்ஸிலிருந்து இறங்கும் யாரையும் விடவில்லை. வாசலூர்பட்டியில் படகுச் சவாரிக்குப் போகிறவர்களைக்கூட, "பிளாக் படிச்சுட்டு வாரீங்களா?" என்று மடக்குவாய்.

அவனிடமும் அதையே கேட்டாய். "ஆமாங்க, ஒண்ணு விடாமப் படிச்சேன்" என்றானாம். என் புருஷன் முகத்தை நீ பார்த்ததே இல்லை. ஒரு ஆம்பிளையும் படித்திருக்கிறானே என்று உனக்கு ஒரே பூரிப்பு. கிழங்குத் தட்டோடு அவனைக் களத்துக்குக் கூட்டிவந்து, "நர்சம்மா, உங்களப் பாக்க ஒருத்தரு வந்திருக்காரு" என்றாய்.

அவன் பையிலிருந்து அரிவாள் வந்தது. நீ தட்டை அவன் மூஞ்சியில் வீசிவிட்டுக் குறுக்கே பாய்ந்தாய். வெட்டு உன் கழுத்தில் விழுந்தது. மறுபடி ஓங்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. சேலத்துக்காரி மிளகு பறிக்கும் ஏணி மூங்கிலைத் தூக்கி அவன் முழங்காலில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. விழுந்தவனை அத்தனை பேரும் ஏறி மிதித்தார்கள். நான் உன் கழுத்தை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தேன். எத்தனையோ பிரசவம் பார்த்த கை இது. உன் ரத்தத்தை அதனால் நிறுத்த முடியவில்லை. ஆம்புலன்ஸ் மலை இறங்குவதற்குள் நீ போய்விட்டாய்.

அவன் இப்போது ஜெயிலில் நொண்டிக்கொண்டிருக்கிறான். எனக்கு அது போதவில்லை. போதாது என்றே எழுதிவைக்கிறேன்.

உன் களத்தில் இன்றும் பெண்கள் மிதிக்கிறார்கள். சேலத்துக்காரி ஊருக்குத் திரும்பவே இல்லை. இந்த மடலை வலையேற்றுவதற்கு முன், உன் வழக்கப்படி அவர்களுக்குச் சத்தமாகப் படித்தேன். முதல் பத்தி முடிந்ததுமே அவள் கால் நின்றது.

"அக்கா மறைஞ்சாங்களா, நர்சம்மா?"

தார்ப்பாயில் எல்லாக் கால்களும் நின்றுவிட்டன. நான் படிப்பதை நிறுத்திவிட்டுப் போனில் எழுதினேன்.

அவன் உன்னை வெட்டிக் கொன்றான்.