வேண்டாமென்று சொன்ன தேநீர்

பாக்கியம், என் ராசாத்தி,

இதை நானே எழுதுகிறேன். நம்புவாயா? ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகள் வசந்தா நம் பேத்திக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கும்போது நானும் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவளிடம் குட்டு வாங்காமல் ‘ழ’ வரைக்கும் வந்துவிட்டேன். ஒரு வரி முடிவதற்குள் கை உளைகிறது. ஆனாலும் என்ன சந்தோஷம்!

இதை எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மாதத் தாளில் போடவேண்டும் என்கிறாள் வசந்தா. நீ வாசிக்கும்போது சிட்னியில் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், அவர்களுக்கும் சொல்லவேண்டிய கதைதான்.

இந்த நாட்டின் வட முனையில் டார்வின் என்று ஒரு பட்டணம். நத்தாரன்று, அதுதான் கிறிஸ்மஸ் அன்று, அடித்த புயலில் அது தரைமட்டமாகிவிட்டது. ஆட்களை விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்து மண்டபங்களில் தங்க வைத்தார்கள். நம் மகன் சிவம் காரைத் தெருவில் விட்டு, கராஜைக் கழுவி, கட்டில் போட்டான். ஜோன் என்ற பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். புருஷன் இடிபாடு அள்ள அங்கேயே நின்றுவிட்டான்.

நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. மூன்று வேளையும் வசந்தா சமைப்பாள், நான் சட்டியோடு கராஜுக்குள் போவேன். ஜோன் “நோ, நோ” என்பாள். வெட்கப்படுகிறாள் என்று இன்னும் ஒரு அகப்பை போடுவேன். அவள் பாத்திரம் கழுவ வந்தால் வசந்தா பறித்துவிடுவாள். வீட்டுக்கு வந்தவளைக் கழுவ விடலாமா?

போன கிழமை ஜோன், யாரோ கொடுத்த கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஒரு கோப்பைத் தேநீரோடு கராஜ் வாசலுக்கு வந்தாள். எனக்காம். நான் நம் வழக்கப்படி கையை ஆட்டி “நோ, நோ” என்றேன். இன்னொரு தரம் கேட்பாள் என்று நின்றேன். கேட்கவில்லை. தேநீரைப் புல்லில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பின்னேரம் பார்த்தால் பெட்டி கட்டுகிறாள். பிள்ளைகளோடு மண்டபத்துக்கே திரும்பிப் போகிறாளாம். அங்கே குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவில் ஒரு போர்வைதான் சுவர்.

“மாமா, அந்தப் பிள்ளை தந்த தேத்தண்ணியை வேண்டாமெண்டிட்டீங்களே?” என்று வசந்தா ஓடிவந்தாள்.

“முதல்தரம் வேண்டாமெண்டுதானே சொல்லுறது! ரெண்டாந்தரம் கேட்டிருந்தால் குடிச்சிருப்பன்.”

“இவையள் ரெண்டாந்தரம் கேக்கமாட்டினம் மாமா. வேண்டாமெண்டால் வேண்டாம்தான்.”

“இதென்ன நாடு! அப்ப தாகத்திலை செத்துப்போறதே?”

கராஜ் கதவை அன்றுதான் முதன்முதலாகத் தட்டினேன். அதுவரை சட்டியோடு நேரே நுழைந்தவன் நான். “டீ, பிளீஸ்” என்றேன். வசந்தா பின்னால் நின்று எங்கள் வழக்கத்தை விளக்கினாள்.

ஜோன் எங்களையே பார்த்தாள். “அப்படியென்றால், நான் போதும் போதும் என்றபோதெல்லாம் இவர் சோற்றை மேலே மேலே போட்டது இதனால்தானா?” என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நடுவில் உடைந்தது. “என் பிள்ளைகளுக்கு நான் சமைக்கவேண்டும். என் கதவை நான் சாத்தவேண்டும். புயலுக்குப் பிறகு நான் ஒருவருக்கு ஒன்று கொடுக்க வந்தது இன்றைக்குத்தான்” என்றாள். வசந்தா அதை எனக்குத் தமிழில் சொன்னாள்.

பாக்கியம், நம் வீட்டுக் கூரையைப் புயல் கொண்டுபோன வருஷம் உன் தமையன் வீட்டில் இருந்தோமே, அண்ணி உன்னைக் குசினிக்குள் அடுப்புப் பக்கமே விடாமல் தாங்கினாளே, அப்போது நீ ஏன் அப்படி மெலிந்தாய்? நீ போய்ச் சேர்ந்த பிறகு இப்போது யாரிடம் கேட்பேன்?

அடுத்த நாளே சிவம் ஒரு மின்சார அடுப்பு கொண்டுவந்தான். கதவுக்கு உள்பக்கம் நான் தாழ்ப்பாள் பொருத்தினேன். ஜோன் பெட்டியை அவிழ்த்தாள். வெள்ளிக்கிழமை இறைச்சி பொரிக்கிற மணம் சாமியறை வரை வந்தது. வசந்தா யன்னலை மட்டும் சாத்தினாள். ஜோனின் தேநீரில் சீனியே இல்லை. முழுவதையும் குடித்தேன்.

ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மண்டபத்தில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். இந்தத் தெருவில் எத்தனை கராஜில் புல்வெட்டியும் பெயின்ட் வாளியும் குடியிருக்கின்றன! நேற்று வசந்தாவையும் இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். இரண்டு வீட்டில் கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவன் மட்டும் யோசிக்கிறேன் என்றிருக்கிறான். “மாமா, ஒரு இடத்திலை இருக்கமாட்டீங்களே?” என்கிறாள் வசந்தா. எப்படி இருப்பது, சொல்லு? நாளைக்கும் அவனிடம் போவேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி வருகிறவர்களுக்கு முதலில் அடுப்பைக் காட்டுவேன், கதவுத் திறப்பை, அதுதான் சாவியை, கையில் கொடுப்பேன். பிறகு வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே வாருங்கள் என்று அவர்கள் கூப்பிடும் வரைக்கும் காத்திருப்பேன்.

உன் மனிசன்,
கந்தையா