முளையும் மூளையும்

அன்புள்ள அக்கா,

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது: பூநகரியில் எங்கள் சேவல், காற்றாலைக் கம்பனி ஐயா ஒருவரின் சப்பாத்தில் எச்சமிட்டுவிட்டது.

அந்தக் கம்பனிக்காரர்களுக்கு அந்த மரியாதையே அதிகம். கொழும்பில் குளிரூட்டி ஓட எங்கள் காற்று வேண்டுமாம். அதற்காக நாங்கள் பந்தடிக்கிற வெளியில் நிலம் அளக்கச் சிவப்பு முளைகள் அடித்தார்கள்.

"எங்கடை ஒழுங்கைக்கும் கரண்ட் வருமோ ஐயா?" என்று எங்கள் சின்னத் தெருவைக் காட்டிக் கேட்டேன்.

"அதை மேலிடம்தான் முடிவெடுக்கும், தம்பி."

முளை இருக்கிறது, மூளைதான் இல்லை. பின்னேரமே எல்லாவற்றையும் பிடுங்கி, பனைகளுக்கு அப்பால் கிடந்த வெறுங்காணியில் நட்டேன். மறுநாள் அந்தக் கெட்டிக்காரர்கள் அங்கேயே அளந்து எழுதிக்கொண்டு போனார்கள்.

நேற்று, அந்தக் காணியைக் காற்றாலைக்கு எடுக்கப்போவதாக அம்மாவுக்குக் கடிதம் வந்தது. அது உனக்கென்று வைத்த சீதனக் காணியாம். சத்தியமாக எனக்குத் தெரியாது அக்கா. முளை நட்டது யாரென்று அம்மாவுக்கு நீயே சொல்லிவிடு.

உன் தம்பி