சுவருக்கு அந்தப் பக்கத்துச் சூடு

ஜனவரி 6

இன்றும் சுலக்ஷனாவுக்கு இழுப்பு. நாலு வயதுப் பிள்ளை, நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்குகிறது. ஆஸ்பத்திரி டொக்டர் புகையே ஆகாது என்றாராம். சமையலுக்குக் கேஸ் இருக்கிறது. குளிருக்கு? அக்கரப்பத்தனை மலையில் விறகு எரிக்காமல் ஜனவரியை யார் தாண்டியது? கரண்ட் ஹீட்டர் போட்டால் லயத்து வரிசை வீடுகள் முழுக்க லைட் போய்விடுகிறது.

மருமகள் நிஷாந்தி துணி மடிக்கத் தொடங்கிவிட்டாள். “பொங்கல் முடிஞ்சதும் பூண்டுலோயாவுக்கு, எங்கம்மா வீட்டுக்குக் கொண்டு போறேன் அத்தை. அங்கயே நர்சரியில சேத்துடுவேன்.”

போனால் திரும்புவாளா? மாட்டாள். கல்யாணத்தன்று என் காலில் விழும்போதே பாதிதான் குனிந்தவள்.

ஜனவரி 8

மகன் ஜீவராஜ் நெருப்பில்லாமல் சூடு உண்டாக்கப் போகிறானாம். ஓடையில் தகரச் சக்கரம், அதிலிருந்து வீடு வரை பெல்ட், பெல்ட் சுற்றும் உருளையில் மரக்கட்டை உரசும். “ரெண்டு கையயும் தேய்ச்சா சூடு வருதுல்லம்மா? அதேதான்.” தேயிலை பெக்டரியில் இத்தனை வருசம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன். இப்போது இஞ்சினியர்.

ஓடை எங்கள் பக்கம் இல்லை. பக்கத்து வீட்டை, லயத்தின் கடைசி வீட்டை, ஒட்டிப் போகிறது. அங்கே இருப்பவள் பேச்சியம்மா. என் புருசனின் அண்ணன் பெண்டாட்டி. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரே சுவர். என் புருசன் செத்த அன்று, வேலைக்கு வராவிட்டால் ஒரு நாள் பேர் விழாது, சம்பளம் போய்விடும் என்று கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனவள். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பதினோரு வருசமாக அவளோடு பேச்சில்லை.

பெல்ட் அவள் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும். ஜீவா போய்க் கேட்டுவிட்டானாம். என்னிடம் ஒரு வார்த்தை?

ஜனவரி 11

சக்கரம் சுற்றியது. கட்டை உரசியது. சூடு வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கூடவே புகையும் வந்தது! எதற்குப் பயந்தோமோ அதையே மெசின் வைத்துச் செய்திருக்கிறான். பிள்ளைக்கு மூச்சு முட்டி, நிஷாந்தி தூக்கிக்கொண்டு பனியில் ஓடினாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சியம்மா: “என்னடா ஜீவா, கருவாடு சுடுறியா?”

பிள்ளை திணறுகிறது, இவளுக்குக் கருவாடு. எழுதி வைக்கிறேன். நாளைக்கு நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பாள்.

ஜனவரி 13

கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டான். இப்போது பெரிய டின்னுக்குள் சின்ன டின். நடுவில் மெல்லிய சந்து, அதில் ஆயில். உள்ளே இருப்பது சுற்றினால் ஆயில் இழுபட்டுச் சூடாகுமாம். மத்தியானம் ஓட்டினான். கை வைத்தேன் — வெடுக்கென்று எடுத்தேன். புகை கொஞ்சமும் இல்லை. நல்லாயிருக்கு என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அதோடு வேலையை நிறுத்திவிடுவான்.

மாலையில் மூடுபனி இறங்கியது. நீளப் பெல்ட் நனைந்து வழுக்கியது. சக்கரம் அங்கே சுற்றுகிறது, டின் இங்கே சும்மா நிற்கிறது.

ஜனவரி 14

பொங்கல் வைத்தோம். நிஷாந்தியின் பேக் வாசலுக்கு வந்துவிட்டது.

ஜனவரி 15

பெல்ட் குட்டையாக இருந்தால் வழுக்காதாம். அதற்கு டின்னை ஓடைப் பக்கமே வைக்க வேண்டும். அதாவது பேச்சியம்மாவின் பின்னறையில். பிள்ளையும் அங்கேதான் படுக்க வேண்டும்.

“அவ வீட்டுலயா? அதுக்கு என்னய மலையிலருந்து உருட்டி விடு” என்றேன்.

அவன் போய்க் கேட்டுவிட்டு வந்தான். “பெரியம்மா சரின்னுதாம்மா சொல்றாங்க. ஆனா நீ வந்து கேக்கணுமாம்.”

பார், என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்துகிறாள். செத்தாலும் போக மாட்டேன்.

ஜனவரி 16

போனேன்.

நிஷாந்தி காலை பஸ்ஸுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை தொப்பி போட்டுக்கொண்டு தயாராக நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அவள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றேன். “மெசின் வைக்கணுமாம்.”

“யாரு வைக்கணுமாம்?”

“என் மகன்.”

“கேக்குறது யாரு?”

“நாந்தான் கேக்குறேன். போதுமாடி?”

“இத்தன வருசம் கழிச்சு வாயத் தொறக்குற, அதுலயும் ஒரு ‘டி’யா?” சிரிக்கிறாள்! “கட்டில நகத்தணும். ஜீவாவ வரச் சொல்லு.”

வீட்டுக்கு வந்து வாயைக் கொப்பளித்தேன்.

ஜனவரி 17

நிஷாந்தி நேற்று பஸ் ஏறவில்லை, ஆனால் பேக் இன்னும் வாசலில்தான். டின் சுற்றுகிறது. கடகடவென்று ஒரே சத்தம். சுவரில் காதை வைத்துக் கேட்டேன். பிள்ளைக்கு இருமல் இல்லை.

நான் இந்தப் பக்கம் நடுங்குகிறேன். அவளுக்கு ஓசியில் சூடு. முட்டிவலி குறைந்திருக்கிறது என்று ஜீவாவிடம் சொன்னாளாம். என் மகன் செய்த மெசின், என் பேத்தியின் நோய், சுகம் மட்டும் அவள் முட்டிக்கு.

ஜனவரி 20

நிஷாந்தி பேக்கிலிருந்த துணிகளை எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டாள். நான் கொடிக் கயிற்றை இழுத்துக் கட்டினேன்.

ஜனவரி 26

புல்லெல்லாம் உறைந்து வெள்ளையாகக் கிடக்கிறது. சுலக்ஷனா ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். “அப்பாயி, நீயும் வா. அங்க சுடுசுடுன்னு இருக்கு.”

பிள்ளை கூப்பிட்டாள், அதனால் போனேன். டின்னுக்குப் பக்கத்தில், பேச்சியம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

அவள் பிள்ளையிடம் சொன்னாள்: “ஒங்க அப்பாயி தேத்தண்ணி குடிப்பாளான்னு கேளு கண்ணு.”

பிள்ளை என் முகத்தைப் பார்த்தது.

“சீனி கம்மியாப் போடச் சொல்லு” என்றேன்.